24–0 என்ற கணக்கு



உக்ரைன் குத்துச்சண்டை வீரர் உசிக் பற்றி நாம் எழுதியிருந்த கட்டுரைக்கு வந்த கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து. கிரிக்கெட் கட்டுரைக்குக்கூட இத்தனை வந்ததில்லை. ஷூ கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பையன்கள் டீக்கடையில் ஒரே செல்போனுக்கு நாலு பேராகக் குனிந்து ஹெவிவெயிட் சண்டை பார்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ரியாத்தில் நள்ளிரவு தாண்டி நடப்பது நமக்கு விடியற்காலையில் வருகிறது. ஷிஃப்ட் விடும் நேரத்துக்குச் சரியாக இருக்கிறது போலும்!

அந்தக் கடிதங்களில் ஒன்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. ஆம்பூர்க்காரர். ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலையாம். "உக்ரைன்ல இருந்து புதுசா உசரமா ஒருத்தன் வந்தாப் போதும் சார், அடுத்த கிளிச்கோன்னு போட்டுடறானுங்க. பத்து சண்டை, பத்தும் நாக்அவுட்னு காட்டறானுங்க. நாங்களும் நம்பிப் பந்தயம் கட்டறோம், தோக்கறோம். இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்னு எப்படி சார் பாக்கறது?" என்று கேட்டிருக்கிறார்.

பந்தயத்துக்கு நான் பொறுப்பல்ல, தம்பி. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தை இந்த முறை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த கிளிச்கோ இருக்கட்டும், முதலில் அசல் கிளிச்கோவைப் பார்ப்போம். விளாதிமிர் கிளிச்கோ 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். அண்ணன் விட்டாலியோடு ஜெர்மனிக்குப் போய் ஹாம்பர்க் நகரத்து யுனிவர்சம் நிறுவனத்தில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் 24 சண்டை, 24 வெற்றி, பெரும்பாலும் நாக்அவுட். ஆறரை அடி உயரம், படித்தவர், பார்க்க லட்சணமானவர். விளம்பரம் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? 1998 டிசம்பர் 5 அன்று அவரைச் சொந்த மண்ணில், கீவ் நகரத்தில், சொந்த ஜனங்கள் முன்னால் இறக்கினார்கள். எதிராளி ராஸ் பியூரிட்டி என்ற அமெரிக்கர். அவர் கணக்கில் அப்போதே 13 தோல்விகள். ஊர்க்காரர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய சண்டை அது.

முதல் சில சுற்றுகள் அப்படித்தான் போயின. விளாதிமிர் அடித்தார், பியூரிட்டி வாங்கினார். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். அடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. அதுவரை எதிராளிகள் சீக்கிரமே விழுந்துகொண்டிருந்ததால், விழாத ஆளை என்ன செய்வது என்று 22 வயதுப் பையனுக்குத் தெரியவில்லை. இன்னும் பலமாக அடித்தார். மூச்சு வாங்க ஆரம்பித்தது. கைகள் இறங்கின. பத்தாவது சுற்றில் நிற்கவே தடுமாறினார். பதினோராவது சுற்றில் அவருடைய பயிற்சியாளர் தரப்பே சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. 24–0 என்ற பெருமை 24–1 ஆனது. அதையும் செய்தவர் 13 முறை தோற்ற ஒரு மனிதர்.

தோற்றவர் என்றதும் பியூரிட்டியைக் குறைத்து எடை போட்டுவிடாதீர்கள். 1994இல் பெயர்பெற்ற டாமி மோரிசனைச் சமனில் நிறுத்தியவர் அவர். எங்கே அழைத்தாலும் போவார், எவரோடும் மோதுவார், தோற்றாலும் நின்றுதான் தோற்பார். இப்படிப்பட்டவர்கள் குத்துச்சண்டை உலகத்தில் நிறையப் பேர் உண்டு. வளரும் பையன்களுக்கு வெற்றி சேர்ப்பதற்காகச் சம்பளம் பேசி வரவழைக்கப்படுகிறவர்கள். அவர்களில் சிலர் சொன்னபடி விழுவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். வாணியம்பாடியில் எனக்கு ஒரு பாய் பழக்கம். டேனரியில் செலக்ஷன் வேலையிலேயே தலை நரைத்தவர். இப்போது ஓய்வு. ஆனால் தம்பி மகன் ஷெட்டுக்குத் தினமும் காலையில் போய் ஒரு நாற்காலி போட்டு உட்காராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முகமது அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிய கதையை இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஆம்பூர்க்காரரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். செல்போனில் ஒரு இளம் ஹெவிவெயிட்டின் நாக்அவுட் தொகுப்பையும் போட்டுக் காட்டினேன். சத்தத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அடிக்கிறவன எதுக்கு சார் பாக்கறீங்க? வாங்கறவன் யாருன்னு பாருங்க. அத்தினி பேரும் வயித்தத் தள்ளிக்கினு நிக்கறான்."

பிறகு எழுந்து போய் அடுக்கிலிருந்து இரண்டு தோல்களை எடுத்து வந்தார். ஒன்று வெட் புளூ. குரோமில் பதனிட்டு ஈரம் காயாமல், வெளிர்நீலமாக இருந்தது. இன்னொன்று ஃபினிஷிங் முடிந்து பளபளவென்ற கறுப்பு. கறுப்பை என் கையில் கொடுத்து, "எப்படி இருக்குது?" என்றார். குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. வெட் புளூவை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து உள்ளங்கையால் முதுகுப் பக்கமிருந்து வயிற்றுப் பக்கம் தடவிக்கொண்டே போனார். "இங்க பாருங்க, உண்ணி கடிச்சது. இது முள்ளுக் கீறல். இது தோலுரிக்கும்போது கத்தி பட்டது. இது மாட்டுக்காரன் போட்ட சூடு." எனக்குத் தெரியாததெல்லாம் அவர் விரல்பட்டதும் தெரிந்தது.

"அந்தக் கறுப்பும் இப்படித்தான் வந்துச்சு. பஃபிங் அடிச்சு, மேல பிக்மென்ட் குடுத்து, பிளேட்டுல பிரிண்ட் போட்டாச்சு. ஷோரூம்ல பாக்கறவனுக்கு ஏ ஒன். கால்ல போட்டு மடியற எடத்துல கொஞ்ச நாள்ல வெடிச்சுடும்." கறுப்புத் தோலை மேல்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, கட்டைவிரலால் அழுத்தினார். மடிப்பில் தடித்த சுருக்கங்கள் எழுந்தன. "நல்ல தோல்ல இப்படி வராது. மடிச்சுப் பாக்காம நான் எதையும் எடுக்க மாட்டேன் சார்."

நான் அவரைத் தேடிப் போனது வீண் போகவில்லை. ஆம்பூர்த் தம்பி, நீங்கள் செல்போனில் பார்க்கும் 'பத்துக்குப் பத்து' என்பது ஃபினிஷிங் முடிந்த தோல். மடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, பாய் சொன்னதேதான்: அந்தப் பத்துப் பேர் யார்? அவர்கள் கடைசியாக எப்போது ஜெயித்தார்கள், என்ன எடையில் வந்தார்கள், எத்தனை நாள் அவகாசத்தில் அழைக்கப்பட்டார்கள்? இதெல்லாம் ரகசியமில்லை, எவரும் தேடிப் பார்க்கலாம். இரண்டாவது, எத்தனை சுற்று? பத்துச் சண்டையும் சேர்த்து மொத்தம் இருபது சுற்று தாண்டாதவனுக்கு எட்டாவது சுற்று எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மூன்றாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வலது கையை ஓங்கி அடிக்கும் நேரத்தில் அவன் இடது கை எங்கே இருக்கிறது? தாடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இடுப்பில் தொங்குகிறதா? எதிராளி திருப்பி அடிக்காத வரைக்கும் தொங்குகிற கை வெளியே தெரியாது. திருப்பி அடிக்கத் தெரிந்த ஒருவன் வரும் நாளில்தான் அது பெரிய செய்தியாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் பார்ப்பது ஒன்று உண்டு. நல்லதாக ஒரு அடி வாங்கியபின் அவன் என்ன செய்கிறான்? சிலர் கோபத்தில் பாய்கிறார்கள், சிலர் கயிற்றை நோக்கிப் பின்வாங்குகிறார்கள். வெகு சிலர்தான் ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, இடது கையை மூக்குக்கு முன்னால் ஒருமுறை குத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அந்த வெகு சிலரில் ஒருவனைப் பார்த்தால் அவன் பெயரை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பந்தயம் வேண்டாம்.

சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விக்டர் விக்ரிஸ்ட் என்ற உக்ரைன் வீரர் 2017இல் கார்கிவ் நகரில் நடந்த ஐரோப்பிய அமெச்சூர் போட்டியில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். தொழில்முறைக்கு வந்ததும் விக்டர் ஃபாஸ்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார். உயரம், பலம், ஐரோப்பியத் தங்கம் எல்லாம் இருந்ததால் அவருக்கும் 'அடுத்த கிளிச்கோ' பட்டம் தானாகவே வந்து ஒட்டியது. 2022 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் யாகோ கிலாட்சேயோடு மோதினார். இரண்டே சுற்றில் இரண்டு பேரும் மாறி மாறித் தரையில் விழுந்து எழுந்த சண்டை. கடைசியில் ஃபாஸ்ட் வென்றார். கூட்டம் குதித்தது, சண்டைத் தொகுப்புகளில் இன்றும் சுற்றுகிறது. நம் டீக்கடையிலும் ஓடியிருக்கும். ஆனால் ஜெயித்த அந்தச் சண்டையிலேயே மடிப்பில் சுருக்கம் தெரிந்துவிட்டது. அவ்வளவு எளிதாக விழுகிறவர் அடுத்த படியில் என்ன செய்வார்? 2023இல் கியூபாவின் லெனியர் பெரோ அவரை எட்டாவது சுற்றில் நிறுத்தினார். பெரோ அவசரப்படாதவர், அமெச்சூரில் நன்றாகத் தேர்ந்தவர். ஃபாஸ்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் அடைந்ததில் கால்வாசியை அடைந்தவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்? பட்டத்தைச் சோதனைக்கு முன்னால் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

விளாதிமிர் கதைக்கு வருகிறேன், அது கீவில் முடியவில்லை. 2003இல் கோரி சாண்டர்ஸ் என்ற தென்னாப்பிரிக்கர் அவரை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். 2004இல் லேமன் பிரூஸ்டர் ஐந்தாவது சுற்றில். பத்திரிகைகள் கண்ணாடித் தாடை என்று எழுதின, கதை முடிந்தது என்று எழுதின. என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான், வேறு யார்! அப்போது அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருந்தவர் எமானுவேல் ஸ்டூவர்ட். அவர் அந்த ஆறரை அடி மனிதருக்கு இடது கையை எப்படிப் பயன்படுத்துவது, எப்போது பிடித்துக்கொள்வது, மூச்சை எப்படிச் சேமிப்பது என்று அடியிலிருந்து கற்றுக்கொடுத்தார். 2005இல் சாமுவேல் பீட்டர் அவரை மூன்று முறை தரையில் தள்ளினார். மூன்று முறையும் எழுந்து, புள்ளிகளில் ஜெயித்தார். 2006 ஏப்ரலில் கிறிஸ் பர்டை வென்று பட்டம் பெற்றவர் 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் தோற்கும் வரை அதை விடவில்லை. ஒன்பதரை ஆண்டு! சண்டைகள் பல அலுப்பூட்டும். ஜாப், பிடி, ஜாப், பிடி என்று போகும். டீக்கடையில் பாதியிலேயே போனை மூடிவிடுவார்கள். ஆனாலும் அந்த அலுப்பான மனிதர் 22 வயதில் 24–0 என்று மின்னிய பையனைவிடப் பல மடங்கு நல்ல வீரர்.

இடையில் 2001இல் அண்ணன் விட்டாலி அதே ராஸ் பியூரிட்டியைத் தேடிப் பிடித்து, அதே பதினோராவது சுற்றில் முடித்துவைத்தார். தம்பி பட்ட கடனை அண்ணன் அடைத்த கதை. நம் ஊர் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

உசிக்கின் பாதை இன்னொரு விதம். சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். சிறுவயதில் கால்பந்துதான், குத்துச்சண்டைக்கு வந்தது 15 வயதில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் காலிறுதியில் இத்தாலியின் கிளெமென்டே ருஸோவிடம் தோற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் அதே ருஸோவை 14–11 என்று வென்று தங்கம் எடுத்தார். பிறகு குரூஸர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களும். அங்கிருந்து ஹெவிவெயிட்டுக்கு வந்தபோது உடம்பு போதாது, பெரிய ஆட்களிடம் நிற்க மாட்டார் என்றார்கள். 2021இல் ஜோஷுவா, 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரி, டிசம்பரில் மறுபடி ஃபியூரி, 2025 ஜூலையில் வெம்பிளியில் டுபுவா என்று வரிசையாக வென்றார். எல்லாரும் இவரைவிடப் பெரிய உடம்புக்காரர்கள். டுபுவாவை முடித்தபோது உசிக்குக்கு 38 வயது.

வயதைக் கவனியுங்கள். 20 வயதில் உலகப் பட்டம் வென்ற மைக் டைசனின் பெயரைச் சொல்லிச் சொல்லியே எல்லாப் பையன்களையும் அவசரப்படுத்துகிறார்கள். டைசன் விதிவிலக்கு. இப்போது பிரிட்டனில் மோசஸ் இட்டாமா என்று 2004இல் பிறந்த ஒருவர் வந்திருக்கிறார். 2025 ஆகஸ்டில் தில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே முடித்தார். அவரும் விதிவிலக்காகலாம், பார்ப்போம். பொதுவாக ஹெவிவெயிட்டில் முப்பதைத் தொட்ட பிறகுதான் மனிதன் பக்குவப்படுகிறான். 22 வயது ஹெவிவெயிட்டைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறவர் விற்கிறவராக இருப்பார், அல்லது அவசரக்காரராக இருப்பார்.

இதைப் படித்துவிட்டு, நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் உக்ரைனைப் பற்றி எதற்கு என்று வேலூர் வாசகர்கள் கேட்பீர்கள். சத்துவாச்சாரிக்காரர்கள் கட்டாயம் கேட்பீர்கள்.

சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா முன்னாள் ராணுவ வீரர், தேசிய அளவில் எடை தூக்கியவர். பிள்ளை 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த 149 அப்போது போட்டிச் சாதனை. அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடி தங்கம். எடை தூக்குவதில் எனக்குப் பிடித்தது இதுதான்: எதிராளியைச் சம்பளம் கொடுத்து அழைத்துவர முடியாது. சத்துவாச்சாரியில் 149 கிலோ என்றால் கிளாஸ்கோவிலும் 149 கிலோதான். பதினாறு வயதுப் பையன் எங்கே நிற்கிறான் என்று பயிற்சியாளர் இரும்புத் தட்டுகளைக் கூட்டிச் சொல்லிவிடலாம். குத்துச்சண்டையின் 24–0 பார்ப்பதற்கு அதேபோல ஓர் எண்ணாகத் தெரிகிறது. அதன் பின்னால் இரும்பு கிடையாது. 24 மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் சதீஷின் கணக்கையும் வெறும் எண்ணாகப் படித்தால் ஏமாந்துபோவோம். கிளாஸ்கோவில் 328 தூக்கியவர் கோல்ட் கோஸ்டில் தூக்கியது 144, 173, மொத்தம் 317. பதினோரு கிலோ குறைவு. எண்ணை மட்டும் பார்க்கிறவன் சரிவு என்பான். அதற்கு முன்பு தேசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடைத் தசையில் காயம் பட்டிருந்தது. முழுதாக ஆறாத காலோடு மேடை ஏறி, ஜெயிப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத் தூக்கிவிட்டு இறங்கினார். இந்த இரண்டு தங்கத்தில் எது பெரிது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சரி, இத்தனை வலுவான ஆட்கள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ஏன் வரவில்லை? தமிழ்நாட்டுக் குத்துச்சண்டையின் புகழ் வட சென்னையுடையது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளைப் பா. ரஞ்சித்தின் படம் வந்த பிறகு பிள்ளைகளுக்கும் தெரிகிறது. 1994இல் பாங்காக்கில் உலகக் கோப்பை வெண்கலம் வென்ற வி. தேவராஜனும் சென்னைக்காரர்தான், பாண்டம்வெயிட், அதாவது 54 கிலோ. நமக்குக் கிடைத்த நல்ல குத்துச்சண்டை வீரர்கள் பெரும்பாலும் இலகு எடைக்காரர்கள்.

உடம்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆம்பூரில் கல்யாண பிரியாணிப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஹெவிவெயிட் வீரனுக்குத் தினமும் பயிற்சியில் மோத இன்னொரு ஹெவிவெயிட் வேண்டும். நூறு கிலோப் பையனை அறுபது கிலோக்காரனோடு நிறுத்தினால் இரண்டு பேரும் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், ஒருவனுக்கு அடிபடும். கிளிச்கோ சகோதரர்களுக்கு ஹாம்பர்க் கூடத்தில் பெரிய உடம்புக்காரர்கள் கிடைத்தார்கள். அதற்கும் முன்னால் ஒருவருக்கொருவர் இருந்தார்கள். இந்தியாவில் அப்படிப் பெரிய உடம்புகளை ஒரே இடத்தில் சேர்த்து, சாப்பாடு போட்டு, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் இடம் அநேகமாக ராணுவம் ஒன்றுதான். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற கௌர் சிங் ராணுவத்தில் இருந்தவர். முகமது அலியோடு 1980இல் தில்லியில் காட்சிப் போட்டியில் நின்றவரும் அவர்தான். உத்தரப் பிரதேசத்து சதீஷ் குமாரும் ராணுவக்காரர். முதலில் கபடி ஆடியவர். ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். டோக்கியோவில் முதல் சண்டையில் ஜமைக்காவின் ரிக்கார்டோ பிரவுனை வென்றபோதே முகம் கிழிந்துவிட்டது. காலிறுதியில் 13 தையலோடு ஏறி, உஸ்பெகிஸ்தானின் ஜலலோவ் முன்னால் மூன்று சுற்றும் நின்றார். 5–0 என்று தோல்வி. ஜலலோவ் அந்த ஒலிம்பிக்கிலும் தங்கம், அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம். ஒரு தோல்வியை எப்படிப் படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தத் தோல்வியைத்தான்.

ராணுவம்தான் வழி என்றால் வேலூரைவிட வேறு எந்த ஊர் பொருத்தம்? கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது சீருடை போட்டவர் இருப்பார், ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பெயர். புனேயில் ராணுவ விளையாட்டு நிறுவனம் இருக்கிறது, சிறுவயதுப் பையன்களையும் சேர்த்துப் படிக்கவைத்துப் பயிற்சி தருகிறார்கள். நம் பள்ளிகளில் உயரமாகவும் கையும் காலும் நீளமாகவும் இருக்கும் பையனைப் பின்வரிசையில் உட்காரவைத்து "எதுக்குடா இப்படி வளந்துட்டே?" என்று கேலி பேசுவதோடு சரி. உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பின்வரிசைப் பையனை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.

உக்ரைன் பற்றி எழுதும்போது போரைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே இன்றைக்கு ஒரு பையன் தேறுவானா என்ற கேள்விக்கு விளையாட்டு மட்டும் பதில் சொல்லாது. விட்டாலி 2014இலிருந்து கீவ் நகர மேயர். உசிக் 2022இல் போர் தொடங்கியதும் துப்பாக்கி ஏந்தி ஊர்க்காவலில் நின்றுவிட்டு, பிறகுதான் ஜோஷுவாவோடு மறுபடி மோதப் போனார். மக்சிம் ஹாலினிசெவ் என்ற இளம் வீரர் இலகு எடைக்காரர். 2018 இளையோர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். எல்லாரும் தேறுவான் என்று எழுதிவைத்த பையன், உண்மையிலேயே தேறியிருப்பான். 2023 மார்ச்சில் லுகான்ஸ்க் போர்முனையில் 22 வயதில் இறந்துபோனார். கீவில் தோற்றபோது விளாதிமிருக்கும் அதே 22 வயதுதான். தோற்று, திருத்திக்கொண்டு, பதினேழு ஆண்டு கழித்தும் வளையத்தில் நிற்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. ஆகவே உக்ரைனிலிருந்து வரும் ஒரு பையனின் கணக்கில் ஒன்றரை ஆண்டு இடைவெளி தெரிந்தால், சோம்பேறி என்று முடிவுகட்டாமல் அந்த ஒன்றரை ஆண்டு அவன் எங்கே இருந்தான் என்று பாருங்கள்.

பக்கம் முடியப் போகிறது. ஆம்பூர்த் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: பந்தயப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். வரும் இதழ்களில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் குத்துச்சண்டையோ எடை தூக்குதலோ பழகும் பிள்ளைகளைப் பற்றித் தொடர்ந்து எழுத நினைக்கிறோம். உங்கள் தெருவில் யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். கோப்பைகளோடு எடுத்த படம் வேண்டாம், எத்தனை போட்டியில் ஜெயித்தான் என்ற பட்டியலும் வேண்டாம். கடைசியாக யாரிடம் தோற்றான், தோற்ற மறுவாரம் பயிற்சிக்கு வந்தானா, வந்து எதை மாற்றிக்கொண்டான் என்பதை மட்டும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். பெண் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள். போன முறை இப்படிக் கேட்டபோது ஒரு கடிதம்கூட வரவில்லை. முகவரி உள் அட்டையில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்